வெறும்பொழுதும் வெற்றிடமும்

மலையகத்தில் படைப்பாற்றல் வறண்டுவிட்டதா என்னும் வினா இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி எழுப்பப்படுகின்றது. வினவுவோர் மொனராகலையின் றப்பர் தோட்டங்களையும் பசறை, லுணுகலைத் தேயிலை மலைகளையும் நோக்கி, அங்கிருந்து வெளிவந்த நூல்களை எண்ணுவர். எண்ணப்பட வேண்டியவை நூல்களல்ல. அங்கு வாழும் மனிதருக்குச் சொந்தமான நாழிகைகளும் சதுர அடிகளுமே.

றப்பர் மரம் விடியற்குளிரிலேயே நன்கு பால் சுரக்கும். ஆதலால் பால்வெட்டுபவர் பொழுது புலருமுன் எழவேண்டும். தேயிலை மலையிலோ கொழுந்தின் நிறையே நாளின் பெறுமதியைத் தீர்மானிக்கின்றது. நிறை குறைந்தால் அரைப்பேர். ஞாயிறுகூடக் கைக்காசுக்கு விலைபோகின்றது. மலையிறங்கும் பெண்ணை அடுப்பும் தண்ணீர்க் குடமும் எதிர்கொள்கின்றன. பழைய லயத்துக் காம்பரா ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி. சமையலும் படிப்பும் உறக்கமும் நோயும் அதனுள்ளேயே. பெண் எழுதுவதற்குத் தனியறை வேண்டுமென வேர்ஜீனியா வுல்ஃப் 1929இல் வாதிட்டார். லயத்திலோ குடும்பம் முழுமைக்குமே ஓரறைதான்.

கலை உழைப்பிலே பிறந்தது, ஓய்வை வேண்டுவது மேட்டுக்குடி மனப்பாங்கு என முற்போக்காளர் சிலர் மறுப்பர். ஜோர்ஜ் தொம்சனின் ‘மார்க்சியமும் கவிதையும்’ (1945) அவர்களுக்குத் துணைநிற்கும். பாட்டு வேலையின் தாளத்தோடு பிறந்தது உண்மையே, சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களும் அதற்குச் சான்று. ஆயின், அவை எவ்வடிவின? கை கொழுந்தெடுக்கையிலும் தொட்டில் ஆட்டுகையிலும் வாய் சுமக்கக்கூடிய சிறு பாடல்கள். நாவலுக்கோ மேசையும் விளக்கும் தொடர்ந்த இரவுகளும் வேண்டும். உழைப்பு பாட்டைத் தந்தது எனப் போற்றுவோர், அதே உழைப்பு எதனைத் தரவிடவில்லை என்பதையும் கூறக் கடமைப்பட்டவர்.

மாசி மாதத்துக் காமன் கூத்து இவ்வுண்மையை மேலும் தெளிவாக்குகின்றது. மன்மதன் எரிந்து ரதி புலம்பும் அக்கூத்து, வேலை ஓய்ந்த இரவுகளில் காமன் பொட்டலிலே ஆடப்படுவது. பொட்டல் என்பது வெறுநிலம். கங்காணியின் குரலும் நிறைத்தராசும் எட்டாத அவ்வெறுநிலத்திலேதான் தொழிலாளி ஒருவன் தெய்வமாகின்றான்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நாளின் உரிமை மட்டும் தொழிலாளியிடம் சென்றதில்லை. இந்நிலையிற் சிலர் பட்டறைகளையும் போட்டிகளையும் மருந்தாகக் கூறுகின்றனர். நிரம்பி வழியும் நாளினுள் மேலுமொரு கட்டளையைத் திணித்தாற் கற்பனை பிறவாது. சம்பளத்தோடு ஓய்வும், காணியோடு கூடிய வீடும், எவரும் மேற்பார்வை செய்யாத ஒரு மைதானமும் கோரப்படட்டும். இவற்றைக் கோராது படைப்பாளர் எங்கே என வினவுவது, விதைக்க நிலம் தராது விளைச்சல் எங்கே என வினவுவதேயாகும்.