ஹெல்மெட் சரி, காது?

நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சில் தலைக்கவசமும் 'காஸ்க்', இரைச்சலைத் தடுக்கும் காதுமூடியும் 'காஸ்க்' தான். சொல் ஒன்று. ஆனால் இரண்டையும் ஒரே தலையில் மாட்டுவது லேசல்ல.

எங்கள் தெருவில் கான்கிரீட் சாலையை உடைக்கிறார்கள். மஞ்சள் ஹெல்மெட் உண்டு, காதில் ஒன்றுமில்லை. முப்பது வயதுகூட இராத ஓர் ஆளிடம் கேட்டேன்; கேள்வியை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. "குடுத்தாங்க சார், அதப் போட்டா ஹெல்மெட் உட்காரல" என்றார். அவர் மேல் தப்பில்லை. காதுமூடியின் வளையம் உச்சந்தலையில் இருந்தால் ஹெல்மெட் தூக்கிக்கொண்டு நிற்கும். ஹெல்மெட்டுக்கு மேல் போட்டால் மூடி காதோடு ஒட்டாது. மூக்குக்கண்ணாடிக் கம்பி விடும் இடுக்கே போதும், சத்தம் உள்ளே புகுந்துவிடும்.

ஹெல்மெட்டின் பக்கத்துளையில் செருகும் காதுமூடிகள் இருக்கின்றன. அதைவிட மலிவு, காதுக்குள் வைக்கும் நுரை அடைப்பான். உருட்டி, காதுமடலை மேலே இழுத்து உள்ளே விட்டு, விரியும்வரை பிடிக்க வேண்டும். அதைச் சொல்லித்தர ஆள் வேண்டும். 85 டெசிபலில் தினம் 8 மணி நேரம் இருந்தாலே நாளடைவில் காது கெடும். உடைக்கும் எந்திரம் 100-ஐத் தாண்டும். கெட்ட செவி நரம்புக்கு மருந்தில்லை. ஒப்பந்தக்காரர் ஹெல்மெட்டோடு பொருந்துவதைப் பார்த்து வாங்கட்டும். பில்லில் கையெழுத்துப் போடும் பொறியாளர் ஹெல்மெட்டை மட்டும் எண்ணாமல் காதையும் எட்டிப் பார்க்கட்டும்.