மாற்று எஞ்சினும் மாறுபட்ட கணினியும்

மோட்டார் வண்டியொன்றின் எஞ்சினைப் பெயர்த்தெடுத்துவிட்டு, வேறொரு வண்டியினின்றும் கொணர்ந்த எஞ்சினை அவ்விடத்திற் பொருத்தும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. பெட்ரோலைக் கார்புரேட்டரும் தீப்பொறியை டிஸ்டிரிபியூட்டரும் கவனித்துவந்த நாளில் அது பெரும்பாலும் இரும்பைப் பற்றிய வேலையாகவே இருந்தது. தாங்கிகள் பொருந்தினவா, கியர்ப்பெட்டி சேர்ந்ததா என்று பார்ப்பதோடு கவலை தீர்ந்தது. எஞ்சினுக்கும் வண்டிக்கும் இடையே செல்லும் மின்கம்பிகளைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றோ எஞ்சினைத் தூக்கி வைத்துப் போல்ட்டுகளை முடுக்குவது வேலையின் எளிய பாதி. வலிய பாதி, வயரிங் என்று பட்டறையார் கூறும் கம்பிக்கட்டிலும், அக்கட்டின் முனையில் ஒரு தகரப்பெட்டிக்குள் அடங்கியிருக்கும் கணினியிலும் இருக்கின்றது.

இவ்விஷயத்தைக் குறித்து எழுதுமாறு எம்மைத் தூண்டியது ஒரு கடிதம். நம் கல்லூரியிற் பௌதிகம் பயின்று இப்போது கலிபோர்னியாவில் வசிக்கும் பழைய மாணாக்கர் ஒருவரிடம் 1997-ஆம் வருஷத்து ஹோண்டா சிவிக் வண்டியொன்று உண்டு. அதன் எஞ்சின் 106 குதிரைத்திறன் உடையது. அதனை நீக்கிவிட்டு, 1994-ஆம் வருஷத்து அக்யூரா இன்டெக்ரா ஜி.எஸ்.ஆர். வண்டியின் எஞ்சினை வைக்க அவர் ஆசைப்பட்டார். பி18சி1 என்னும் பெயருடைய அவ்வெஞ்சின் 170 குதிரைத்திறன் தருவது. அவ்வாசையை யாம் குறைகூற மாட்டோம். ஆனால் அதனை விற்றவர், அதற்குரிய கணினியை முன்னமே வேறொருவருக்கு விற்றுவிட்டு, கம்பிக்கட்டைக் கத்தியால் அறுத்து எஞ்சினை மாத்திரம் கொடுத்தாராம். நண்பர் சிலர், “1992 முதல் 1995 வரை வந்த சிவிக்கின் பி-28 கணினி மலிவாகக் கிடைக்கும், அதை வாங்கு. நாலு கம்பியை நீட்டிக்கொள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பல்பைப் பிடுங்கிவிடு” என்று புத்தி சொன்னார்களாம். எம் அபிப்பிராயம் யாது என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதியதையே சற்று விரித்து ஈண்டு வரைகின்றோம்.

எம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். எஞ்சினின் மெய்யான நிலைமை கணினிக்குத் தெரியும்படி கம்பிகளை மாற்றியமைப்பது ஒரு தொழில், மதிக்கத்தக்க தொழில். கணினி குறைகூறாமல் வாளாவிருக்கும்படி அதற்குப் பொய்ச்செய்தி அனுப்புவது, எத்துணைச் சாமர்த்தியமாகச் செய்யப்பட்டாலும், அத்தொழிலின் பாற்பட்டதன்று. இவ்விரண்டும் ஒரே கம்பியாலும் ஒரே ஈயப்பற்றாலும் செய்யப்படுவதால், இளைஞர் பலர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்கின்றனர்.

கணினி எஞ்சினைக் கண்டதில்லை. குளிர்நீரின் வெப்பம், உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தம், ஆக்ஸிலரேட்டரை மிதித்த அளவு, கிராங்க் தண்டு நிற்கும் நிலை, புகையிற் கலந்துள்ள ஆக்ஸிஜன் ஆகியவற்றைச் சென்சார்கள் கம்பி வழியாக அறிவிக்கின்றன. அவற்றைக்கொண்டு இன்ஜெக்டரை எத்தனை மில்லி செகண்டு திறப்பது, தீப்பொறியை எக்கணத்தில் விடுவது என்பவற்றைத் தன்னுள் எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்து அது தீர்மானிக்கின்றது. ஆகவே மூன்று பொருத்தங்கள் வேண்டும். முனைக்கு முனை பொருந்த வேண்டும். மின்சாரத்தின் அளவு பொருந்த வேண்டும். அட்டவணை அவ்வெஞ்சினுக்குரியதாக இருக்க வேண்டும். பட்டறைகளில் முதலாவது முடிந்ததும் வேலை முடிந்ததென்று கைகழுவுவதே பெரும்பாலும் நடப்பது.

முனைப் பொருத்தத்தில் ஹோண்டா வண்டிகள் நல்ல உதாரணம். அமெரிக்காவில் 1996-ஆம் வருஷ மாடல் முதல் எல்லாக் கார்களிலும் ஓ.பி.டி. இரண்டாம் முறை என்னும் பழுதறியும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. அதற்கு முந்திய 1992 முதல் 1995 வரையிலான ஹோண்டா கணினிகளில் 26, 16, 22 என மூன்று கப்ளர்களிலாக 64 முனைகள் உண்டு. 1996-க்குப் பிந்திய வண்டியின் கப்ளர்கள் இவற்றிற் சேரா. இதற்கென்றே ஓர் இடைக்கட்டு செய்கின்றனர். அதன் ஒரு தலை வண்டியின் கப்ளரிலும் மறுதலை பழைய கணினியிலும் பொருந்தும். வண்டியின் சொந்தக் கம்பி ஒன்றேனும் அறுபடுவதில்லை. இம்முறையை யாம் மிகவும் மெச்சுகின்றோம். தவறு நேர்ந்தால் இடைக்கட்டைக் கழற்றியவுடன் வண்டி பழைய நிலைக்கு வந்துவிடும். டாஷ்போர்டின் கீழ் மல்லாந்து படுத்துக்கொண்டு, வண்டியோடு பிறந்த கம்பிகளை வெட்டி முறுக்கி நாடா சுற்றியவர்கள், ஆறு மாதங் கழித்து அந்நாடாவைப் பிரிக்கும்போதுதான் இதன் அருமையை உணர்வார்கள்.

இடைக்கட்டும் இல்லாத கம்பியை உண்டாக்காது. அம்மாணாக்கரின் சிவிக்கில் இருந்தது வீ-டெக் என்னும் வால்வு ஏற்பாடு இல்லாத எஞ்சின். ஆகையால் அவ்வேற்பாட்டை இயக்கும் சொலினாய்டுக்கும், அதன் ஆயில் அழுத்தத்தைச் சோதிக்கும் சுவிட்சுக்கும், எஞ்சின் தட்டலைக் கேட்கும் நாக் சென்சாருக்கும், காற்றுக்குழாயின் இரண்டாம் வழியைத் திறக்கும் வால்வுக்கும் அவ்வண்டியில் கம்பியே கிடையாது. எஞ்சினிலிருந்து கணினி வரை அவற்றைப் புதிதாக இழுக்க வேண்டும். இழுக்கும்போது கம்பியின் நிறத்தை நம்புதல் ஆகாது. ஒரே நிறம் வேறு வருஷத்து வண்டியில் வேறு வேலை பார்க்கும். முனையின் எண்ணை வரைபடத்திற் பார்த்து, மல்டிமீட்டரால் ஒரு தலையிலிருந்து மறுதலை வரை தொடர்ச்சியுண்டா என்று சோதித்து, ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகே கத்தரியை எடுக்க வேண்டும். எர்த் கம்பியையும் அலட்சியம் செய்யலாகாது. சென்சார்களின் எர்த் கணினிக்கே திரும்பிச் செல்ல வேண்டும். அதனை வண்டியின் தகட்டில் எங்கேனும் ஒரு ஸ்குருவில் மாட்டிவிட்டால், முகப்பு விளக்கும் மின்விசிறியும் இழுக்கும் மின்சாரம் அத்தகட்டின் வழியே ஓடுங்கால் சென்சார் கூறும் வோல்ட் கணக்குப் பிறழும். கணினி கெட்டுவிட்டது என்று தள்ளப்பட்ட பெட்டிகளுள் எத்தனை உண்மையிற் கெட்டவை என்பது எமக்கு எப்போதும் சந்தேகமே.

மின்சார அளவைப் பற்றிய பிழை, இண்டர்மீடியட் வகுப்பிற் படித்த ஓமின் விதியை மறந்ததனால் வருவது. சில எஞ்சின்களின் இன்ஜெக்டர்ச் சுருளுக்குத் தடை ஏறக்குறைய 2 ஓம். வேறு சிலவற்றிற்கு ஏறக்குறைய 12 ஓம். பன்னிரண்டு வோல்ட்டில் பின்னதன் வழியே ஓடுவது 1 ஆம்பியர். முன்னதன் வழியே தடையின்றி விட்டால் 6 ஆம்பியர். முன்னதனுடன் பிறந்த வண்டியில் இதற்காகவே ஒரு தடைப்பெட்டி இருக்கும். அல்லது கணினியே மின்சாரத்தை அளந்து விடும். இரண்டும் இல்லாத வண்டியிற் கப்ளர் பொருந்திவிட்டதே என்று மகிழ்ந்து சாவியைத் திருப்பினால், கணினியினுள் இன்ஜெக்டரை இயக்கும் டிரான்ஸிஸ்டர் வெந்துபோகும். கணக்கு ஒரு வரிதான். அதனைப் போட்டுப்பார்ப்பார் சிலரே.

இனி அட்டவணைக்கு வருவோம். நண்பர்கள் சொன்ன பி-28 கணினி 1.6 லிட்டர் அளவும் 125 குதிரைத்திறனும் 9.2-க்கு 1 என்னும் அமுக்க விகிதமும் உடைய எஞ்சினுக்காக எழுதப்பட்டது. ஜி.எஸ்.ஆர். எஞ்சினோ 1.8 லிட்டர், அமுக்க விகிதம் 10-க்கு 1. அமுக்கம் மிகுந்தவிடத்துத் தீப்பொறி சற்றே முந்தினாலும், பெட்ரோல் தரங்குறைந்ததாயினும், கலவை தானே வெடித்து எஞ்சின் தட்டும். நீடித்தால் பிஸ்டனுக்குக் கேடு. அத்தட்டலைக் கேட்டுத் தீப்பொறியைப் பின்வாங்கச் செய்வதற்கே ஜி.எஸ்.ஆர். எஞ்சினில் நாக் சென்சார் வைத்தார்கள். அதன் செய்தி வந்து சேரவேண்டிய டி-3 என்னும் முனை, பி-28 கணினியில் வெறும் முனை; கேட்கும் உறுப்பு அதனுள் இல்லை. கம்பியை எவ்வளவு நேர்த்தியாக இழுத்து மாட்டினாலும், செவியில்லாதவனிடம் கூவிய கதையே. அக்கணினியின் சில்லை மாற்றிப் புதிய அட்டவணை எழுதுவாரும் உளர். அளவுக்கருவிகளோடு பொறுமையாக எழுதுவாரை யாம் மதிக்கின்றோம். ஆயினும் அவர்களும் அதற்குச் செவியைத் தருவதில்லை.

இவ்விடத்தேதான் ஏமாற்று வேலை தலைகாட்டுகின்றது. வீ-டெக் சுவிட்சுக்குக் கம்பி இழுக்கச் சோம்பி, அச்சோதனையையே கணினியிலிருந்து அழித்துவிடுவர். அழுத்தம் வந்ததா என்று பாராமலே கணினி உயர்வேகக் காமுக்கு மாறும்படி கட்டளையிடும். ஆயில் குறைந்த நாளில் அதனை அறிவிப்பார் இல்லை. புகையைச் சுத்திசெய்யும் காடலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, அதன் பின்னிருக்க வேண்டிய ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பதிலாக, எல்லாம் நலம் என்று இடையறாது கூறும் ஒரு சிறு பெட்டியை மாட்டுவர். முன்னதில் நஷ்டம் உடையவனுக்கு. பின்னதிலோ அவ்வண்டியின் பின்னே நடந்து செல்லும் குழந்தைக்கு. “வண்டி ஓடுகின்றதே!” என்பர். வண்டி ஓடுவதை யாம் மறுக்கவில்லை.

மறுதலையாக, மெய்யாகவே மொழி வேறுபடும் இடங்களும் உண்டு. அங்கே மொழிபெயர்ப்புக் கருவியை யாம் ஏமாற்றென்று சொல்லோம். ஜெனரல் மோட்டார்ஸ் 1997-இல் கார்வெட் வண்டியிற் கொணர்ந்த எல்.எஸ்.1 எஞ்சின், கிராங்க் தண்டின் ஒரு சுற்றுக்கு 24 குறிப்புகளைக் கணினிக்கு அனுப்பியது. அவ்வினத்துப் பிந்திய எஞ்சின்கள் அனுப்புவது 58. அறுபது பல்லுக்குரிய சக்கரத்தில் இரண்டை விட்டுவைத்து, அவ்விடைவெளியால் தண்டின் நிலையைக் காட்டுவர். 24-ஐ எண்ணப் பழகிய கணினிக்கு 58 பொருளற்ற இரைச்சல். எஞ்சினைப் பிரித்துச் சக்கரத்தை மாற்ற வேண்டும். அல்லது 58-ஐ வாங்கி 24-ஆகச் சொல்லும் பெட்டியை இடையே வைக்க வேண்டும். அப்பெட்டி தண்டின் மெய்யான நிலையையே வேறெண்ணிற் கூறுகின்றது. முற்கூறிய பெட்டியோ இல்லாத சுத்தத்தை உண்டென்கின்றது. இரண்டும் தீப்பெட்டியளவே, விலையும் வெகுவாக வேறுபடாது. இன்னும் புதிய வண்டிகளில் எஞ்சின் கணினி, பிரேக் கணினி, மீட்டர்ப் பலகை ஆகியன இரண்டே கம்பிகளின் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. பாஷ் கம்பெனியார் 1986-இல் வெளியிட்ட கான் என்னும் முறை அது. அங்கே கம்பியை நீட்டுவதால் மாத்திரம் காரியம் நடவாது. சாவியினுள் இருக்கும் சில்லை அடையாளங் காணாவிடில் பெட்ரோலே விடாத கணினிகளும் பல.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் வைக்கும் எஞ்சின், வண்டியின் வருஷத்துக்கு முந்தியதாக இருத்தல் கூடாது. அவ்வெஞ்சினோடு பிறந்த புகைத்தடுப்பு உறுப்புகள் யாவும் உடன் வரவேண்டும். அதற்கென நியமிக்கப்பட்ட ரெஃபரீ பார்வையிட்டு ஒப்ப வேண்டும். ஆகவே 1997-ஆம் வருஷத்துச் சிவிக்கில் 1994-ஆம் வருஷத்து எஞ்சினும் பழைய முறைக் கணினியும், எவ்வளவு அழகாகப் பொருத்தினும், தெருவிற்குத் தகா. நம் நாட்டிலோ கட்டுப்பாடு இன்னும் கடியது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் பத்திரத்தின் விவரம் வண்டியைச் செய்தவர் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியை மாற்றலாகாது என்கின்றது. எஞ்சினை மாற்றுவதாயின் அதே கம்பெனியின் அதே வகை எஞ்சினையே, விதித்த நிபந்தனைகளின்படி வைக்கலாம். உச்சநீதிமன்றமும் 2019-இல் அம்மாறுதலை அனுமதிக்க இயலாதென்று தீர்ப்பளித்தது. இதனைப் படித்துவிட்டு விடுதியின் பின்புறத்தில் எஞ்சினை இறக்கத் துணியும் நம் மாணாக்கர் இதனைச் சற்றே கவனிப்பாராக.

அம்மாணாக்கருக்கு யாம் எழுதியது சுருக்கமே: “வாங்கிய எஞ்சினை விற்றுவிடுக, 1997-க்கு முந்தாத ஜி.எஸ்.ஆர். எஞ்சினை அதன் கணினியோடும் அறுபடாத கம்பிக்கட்டோடும் வாங்குக.” பணம் போய்விட்ட பின் வரும் இத்தகைய புத்திமதி எவருக்கும் இனியாது என்பதை அறிவோம். இரண்டு மாதம் பதிலில்லை. பிறகு வந்த கடிதத்தில், நஷ்டத்திற்கு விற்றதாகவும், 1998-ஆம் வருஷத்து எஞ்சினொன்று யாவற்றோடும் கிடைத்ததாகவும், கப்ளர்கள் அநேகமாக அப்படியே சேர்ந்ததாகவும், இல்லாத கம்பிகளைப் புதிதாக இழுத்து ஒவ்வொன்றின் இரு தலையிலும் சீட்டு ஒட்டியதாகவும் எழுதியிருந்தார். முதல் நாள் சாவியைத் திருப்பியபோது எஞ்சின் சுழன்றது, பற்றவில்லை. பெட்ரோல் பம்பின் ஓசையும் கேட்கவில்லை. சாவியைத் திருப்பியவுடன் இரண்டொரு விநாடி எரிந்து அணைய வேண்டிய அவ்வெச்சரிக்கை விளக்கு எரியவேயில்லை. அதைக்கொண்டே கணினிக்கு எர்த் இல்லை என்று ஊகித்துச் சென்று பார்த்தாராம். தெர்மோஸ்டாட் உறையின்மேல் மாட்ட வேண்டிய எர்த் கம்பி, போல்ட்டோடு பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.