நீங்களே ஒருமுறை ஏற்றிக் காட்டுங்கள்

பெருமதிப்பிற்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

திருப்பத்தூர் மாவட்டம், ஜவ்வாது மலை, புதூர்நாட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதங்களில் எல்லாம் போட்டிருந்தேன். அவற்றுக்குப் பதில் வராததால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மின்சாரச் சரக்கு வண்டிக்கு நாங்கள் ஏன் ஆசைப்பட்டோம் என்று சொல்லிவிடுகிறேன். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகுதான் சிறு வியாபாரிக்குச் சொந்த வண்டி என்பது எட்டும் தூரத்துக்கு வந்தது. எங்கள் சாமையும் புளியும் பலாவும் இன்று அந்தக் குட்டியானையில்தான் சந்தைக்கு இறங்குகின்றன. டீசல் போட வேண்டுமென்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். கரண்ட் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி செருகினால் காலையில் வண்டி தயார் என்று நீங்கள் சொன்னதும் நாங்கள் மயங்கியதில் தப்பில்லை.

விலையைப் பார்த்தும் வாங்கினோம். உங்கள் வண்டியை விடுங்கள், 2025 ஜூனில் வந்த ஏஸ் ப்ரோவை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தபோது பெட்ரோல் வண்டி 3.99 லட்சம், அதுவே மின்சாரத்தில் 6.50 லட்சம். டெல்லிக்காரர்களும் கைவிட்டுவிட்டார்கள். 10,900 கோடி ரூபாயில் 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஆட்டோவுக்கு மானியம் வைத்தார்கள். 3.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு 9.6 லட்சம் வரை வைத்தார்கள். நடுவில் கிடக்கும் எங்கள் வண்டிக்கு ஒன்றும் இல்லை. அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. சொல்ல வந்தது வேறு.

என் சின்னம்மா மகன் உங்கள் வண்டியை எடுத்தான். கீழே உர மூட்டையும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மலை ஏறினான். உங்கள் புத்தகத்தில் போட்டிருக்கும் எடைக்குக் குறைவுதான், எடைமேடைச் சீட்டு இருக்கிறது. பாதி மலைக்கு மேல் ஒரு கொண்டை ஊசி வளைவில் வண்டி மூச்சுவிட மறந்தது. மீட்டரில் ஆமைப் படம் வந்தது. பேட்டரியில் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கிறது, ஆனால் மோட்டார் சூடேறி இழுக்க மறுக்கிறது. பின்னால் பள்ளம். இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தான்.

டவர் கிடைக்கும் பாறை வரை நடந்து போய் உங்கள் இலவச எண்ணுக்குப் பேசினான். எதிர்முனையில் இந்தி. தமிழ் தெரிந்தவர் வந்தபோது, வண்டி நிற்கும் இடத்தின் லொகேஷனை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். வண்டி நின்ற இடத்தில் டவர் இருந்தால் அவன் ஏன் பாறைக்கு நடக்கிறான்? மீட்பு வண்டி மலைப்பாதைக்கு வராதாம், அடிவாரம் வரை கொண்டுவந்து தந்தால் எடுத்துக்கொள்வார்களாம். கடைசியில் ஊரிலிருந்து பதினைந்து வருசத்துப் பழைய டீசல் குட்டியானை ஒன்று இறங்கி வந்தது. அதில்தான் மூட்டைகளை மாற்றி, உங்கள் நாளைய தொழில்நுட்பத்தைக் கயிறு கட்டி ஊருக்கு இழுத்து வந்தார்கள்.

உங்கள் சர்வீஸ் சென்டர் சொன்ன தீர்ப்பு என்ன தெரியுமா? "கோளாறு எதுவும் இல்லை." சமதரையில், காலி வண்டியை, ஆறவைத்து ஓட்டினால் கோளாறு எங்கிருந்து தெரியும்? அதன் பிறகு போனுக்கு வந்தது ஒரே செய்திதான்: புகார் முடித்து வைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

ஐயா, நீங்கள் படித்தவர். இரண்டு டன் எடையை 100 மீட்டர் உயரம் தூக்க அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். சமதரையில் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட வேண்டிய கரண்ட் அது. உங்கள் விளம்பரத்தில் இருக்கும் கிலோமீட்டர், ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் சக்கரம் சுற்றி அளந்தது. அந்த உருளைக்கு ஏற்றமும் தெரியாது, கொண்டை ஊசியும் தெரியாது. இதெல்லாம் உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியும். மலையடிவாரத்து ஷோரூமில் உட்கார்ந்து மலைக்காரனுக்கே விற்கும் பையனுக்கு மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் எனக்குப் பயம். இறங்கும்போது மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பேட்டரியும் ஏறும் என்றீர்கள். நல்லது. ராத்திரி முழுக்கச் செருகி நூறு காட்டும் பேட்டரியில் அந்தக் கரண்டை எங்கே வைப்பது? வைக்க இடம் இல்லாதபோது அந்தப் பிடிப்பும் போய்விடும். புளி மூட்டையோடு இறங்குகிறவனுக்கு மிச்சம் இருப்பது கால் பிரேக் ஒன்றுதான். மலை உச்சியில் இருந்தால் எண்பதில் பிடுங்கிவிட்டு இறங்கு என்று தமிழில் ஒரு வரி அச்சடித்திருக்கலாம். உங்கள் புத்தகத்தில் மியூசிக் சிஸ்டத்துக்கு இடம் இருக்கிறது.

2022 ஏப்ரல் 2-ஆம் தேதி இதே புதூர்நாட்டில், செம்பரை மலைக் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன மினி வேன் பள்ளத்தில் விழுந்து 11 பேர் செத்தார்கள். பெண்களும் பிள்ளைகளும். அது உங்கள் வண்டி இல்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று சொல்லவும் வேண்டாம், பஸ் வராத ஊரில் இருந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இந்தச் சாலையில் ஒரு வண்டி பின்னால் உருண்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும், அதைத்தான் சொல்கிறேன். சக்கரத்துக்குக் கல் வைத்தவன் அந்த நேரத்தில் என்ன நினைத்திருப்பான் என்பதும் தெரியும்.

நஷ்டஈடு கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி எடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை, கேட்டுப் பார்த்தாயிற்று. உங்கள் ஆட்களை அனுப்புங்கள். நீங்களே வந்தால் இன்னும் நல்லது, மே மாத வெயிலில் வாருங்கள். புத்தகத்தில் போட்ட எடையை முழுசாக ஏற்றுங்கள். திருப்பத்தூரில் கிளம்பி புதூர்நாடு வாருங்கள், நெல்லிவாசல்நாட்டுக்கும் போங்கள், திரும்பி இறங்குங்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கே ஆமை வந்தது என்று தமிழில் எழுதி ஷோரூம் சுவரில் ஒட்டுங்கள். அதைப் படித்துவிட்டு எவன் வாங்கினாலும் அது அவன் பாடு.

அந்த வண்டி இப்போது என் சின்னம்மா வீட்டு வாசலில் நிற்கிறது. தவணை மட்டும் மாதாமாதம் ஓடுகிறது. நீங்கள் வந்து ஏற்றிக் காட்டும்வரை அதையாவது நீங்கள் கட்டுங்கள்.

இப்படிக்கு,
புதூர்நாட்டு வண்டிக்காரன் ஒருவன்