புரையேறினால் நினைப்பவர் யார்?

உண்ணும்போது ஒருவர்க்குப் புரையேறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லித் தலையைத் தட்டுவது நம் வீட்டு வழக்கம். இனிய வழக்கந்தான். ஆனால், எழுபதைக் கடந்தவர்க்கு நாள்தோறும் புரையேறினால், அதையும் அப்படியே தள்ளிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து.

சித்தூரிலோ நகரியிலோ தனியே வாழும் பாட்டி ஒருவரை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றனர். பேரன் திருப்பதியில் பயில்கின்றான். தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது; தண்ணீரைக் குறைக்கிறார். கேழ்வரகுக் களி தொண்டையில் நிற்கிறது, களியை விட்டுவிடுகிறார். உடல் இளைக்கிறது. "வயதாகிவிட்டது" என்று அவரும் சொல்கிறார்; ஊராரும் சொல்கின்றனர். தொலைபேசியில் கேட்டால், "சாப்பிட்டேன் கண்ணு" என்கிறார். அது பொய்யன்று, முழு உண்மையும் அன்று.

முதுமையில் விழுங்கும் தசைகள் சற்றே தளர்வது இயல்பு. அடிக்கடி புரையேறுவது இயல்பன்று. பக்கவாதமோ, பார்க்கின்சன் நோயோ, உணவுக்குழாயில் கட்டியோ அதன் பின்னே மறைந்திருக்கலாம். உணவும் நீரும் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகலாம். சிலர்க்கு இருமல்கூட வராமல் இறங்கிவிடும், அதுதான் பெருங்கேடு.

திருப்பதியில் மருத்துவத்திற்குக் குறைவில்லை. 1960இல் மருத்துவக் கல்லூரி தோன்றிற்று. ரூயா மருத்துவமனை இருக்கிறது. 1993 முதல் ஸ்விம்ஸ் இருக்கிறது. சித்தூரார்க்கு வேலூரும் அண்மையே. எனினும், பாட்டி உண்ணும் தட்டின் எதிரே மருத்துவர் வந்து அமர்வதில்லை. அங்கே அமர வேண்டியவர்கள் நாம்!

விடுமுறைக்குச் சென்றால் அவரோடு சேர்ந்து உண்ணுங்கள். நீர் பருகியதும் இருமுகிறாரா? உண்டபின் குரல் கரகரக்கிறதா? ஒரு வாய்ச் சோற்றை இரண்டு மூன்று முறை விழுங்குகிறாரா? உண்டு முடிக்க முன்னைவிட நெடுநேரம் ஆகிறதா? அடிக்கடி காய்ச்சல் வருகிறதா? 2008இல் வெளியான 'ஈட்-10' என்னும் பட்டியலில் விழுங்குவது பற்றிப் பத்து வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 3 ஆனாலே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இன்னொன்று: செம்பை உயர்த்தி அண்ணாந்து குடிப்பது நம்மவர் பழக்கம். விழுங்கத் தடுமாறும் முதியவர்க்கு அது தீங்கு. தலை பின்னே சாய்ந்தால் நீர் மூச்சுவழியில் நழுவுவது எளிதாகிறது. நேரே அமர்ந்து, வாய் வைத்து, சிறுசிறு மடக்காகக் குடிப்பதே நன்று. எச்சில் என்று தயங்கினால், அவர்க்கெனத் தனித் தம்ளர் ஒன்று வைத்தால் தீர்ந்தது.

"மருத்துவம் நம் பாடமன்றே!" எனச் சிலர் கூறலாம். நோயை முடிவு செய்வது மருத்துவர் கடமை. கண்டு சொல்வது நம் கடமை. பக்கத்தில் அமர்ந்து பார்க்கப் பட்டம் எதற்கு?

நண்பர்களே! பாட்டிக்குப் புரையேறும்போது யாரோ நினைப்பது உண்மையாகட்டும். அந்த 'யாரோ' நாமாக இருப்போம். நினைப்பதோடு நில்லாமல், இந்தச் சனிக்கிழமையே ஊருக்குப் பேருந்து ஏறுவோம்.