தொட்டிலில் தொடங்கட்டும் தமிழ்

ஒவ்வோர் ஆண்டும் முதலாம் ஆண்டு மாணவர் பதிவு நெருங்கும்போது நம் சமுதாயத்தில் ஒரு குரல் ஓங்கி ஒலிக்கும். 'தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு' என்று பதாகை கட்டுவோம், கூட்டம் போடுவோம். நானும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன்தான். அந்தக் குரலோடு எனக்கு எந்த முரண்பாடும் இல்லை. ஆனால், ஏழு வயதுப் பிள்ளையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் ஏழு மாதப் பிள்ளையைப் பற்றி ஏன் பேசுவதே இல்லை?

இக்கேள்வி எனக்குள் எழக் காரணம் என் அக்காள் மகள். அவளுக்கு இப்போது பதினொரு மாதம். எங்கள் வீடு பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடியில் உள்ளது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்ட பின், அங்கு வேலைக்கு வந்தவர்களை நம்பி வளர்ந்த ஊர் இது. அக்காவும் அத்தானும் அங்கேயே தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். 2023 ஜனவரி முதல் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது நல்ல செய்தி. ஆனால் 98 நாள் என்பது மூன்று மாதமும் ஒரு வாரமும்தான். அது முடிந்த மறுநாளே குழந்தை பக்கத்துப் புளோக்கில் உள்ள ஒரு மக்சிக்கின் கைக்குப் போனாள்.

மக்சிக்கைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பிள்ளையைத் தன் பேத்தி போலவே பார்த்துக்கொள்கிறார். ஒரு விடுமுறையில் வீட்டிலிருந்தபோது நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலை ஆறரைக்குப் போகிறவள் இரவு ஏழரைக்கு வருகிறாள், எட்டரைக்கெல்லாம் தூங்கிவிடுகிறாள். வேலை நாளில் அவளுக்கும் தமிழுக்கும் இடையே இருப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்திலும் அக்கா களைப்பில், பால்மாவு டின்னில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துக் குழந்தைப் பாடல் போட்டுவிடுகிறாள். "பாட்டு தமிழ்ல தானே ஓடுது தம்பி?" என்பது அவள் சமாதானம்.

சென்ற மாதம் அவள் முதல் சொல்லைச் சொன்னாள். "சுசு." பாட்டி பதறிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினார். பிள்ளை கேட்டது பால்! வீடே சிரித்தது. தாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

பெண்கள் வேலைக்குப் போவதால்தான் இந்நிலை என்று சிலர் உடனே கிளம்புவார்கள். பாட்டி இல்லத்தரசியாக இருந்தா என் அம்மாவை வளர்த்தார்? விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போனவர்தானே! கைக்குழந்தைகள் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் கிடந்தன. ஆனால் அந்த ஆயா தமிழ்ப் பெண். அதட்டினாலும் கொஞ்சினாலும் தமிழ்தான். அன்றும் தாய் வேலைக்குத்தான் போனாள். மாறியது பிள்ளையை ஏந்திய கையின் மொழி.

பேசத் தெரியாத பிள்ளைக்கு எம்மொழியானால் என்ன என்று கேட்கலாம். 1984-இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் கனடாவில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தியில் நாக்கு பல்லைத் தொடும் ஒலியும், மடிந்து அண்ணத்தைத் தொடும் ஒலியும் வேறு வேறு. நம் 'த', 'ட' போல. ஆங்கிலம் பேசும் பெரியவர்களின் காதுக்கு இவ்வேறுபாடு எளிதில் பிடிபடாது. ஆனால் ஆங்கில வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதம் வரை இவற்றைப் பிரித்தறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அத்திறன் பெரும்பாலும் மங்கிவிட்டது. இந்தி வீட்டுக் குழந்தைகளிடம் அது மங்கவில்லை. அதாவது, ஒரு சொல் கூடப் பேசாத வயதில், கேட்கும் மொழிக்கு ஏற்பக் காது தன்னை அமைத்துக்கொள்கிறது. கதவு அடியோடு மூடிவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. பின்னாளிலும் கற்கலாம், ஆனால் பாடுபட வேண்டும். பல மொழி கேட்பதால் பிள்ளைக்குக் கெடுதல் எதுவுமில்லை. மக்சிக்கின் மலாய் அவளுக்கு வரவுதான். கேட்காத தமிழ்தான் இழப்பு.

கைப்பேசிப் பாட்டுக்கும் பதில் இருக்கிறது. பெட்ரீஷியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைப் பன்னிரண்டு அமர்வுகள் கேட்கச் செய்தனர். நேரில் ஒருவர் விளையாடிப் பேசிய குழந்தைகள் அம்மொழியின் ஒலியைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைக் காணொளியில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2019-இல் கூறியது. இதை அக்காவிடம் சொன்னபோது, "அப்போ சமைக்கிறது யாரு, நீயா?" என்றாள். நியாயமான கேள்வி.

இலக்கியம் பயிலும் நண்பர்களுக்குப் பிள்ளைத்தமிழ் தெரியும். ஐந்தாம் மாதம் தலையசைத்து ஆடும் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் நடந்து வரும் வருகை என்று மாதக்கணக்கு சொல்லப்படுகிறது (நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும்). கிளினிக்கில் தரும் இளஞ்சிவப்புப் புத்தகத்தை இதோடு ஒப்பிட்டால் வியப்பாக இருக்கும். தாதி 'தவழ்கிறாளா, நிற்கிறாளா' என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். பிள்ளைத்தமிழில் இன்னொன்றும் உண்டு: எந்தப் பருவத்திலும் பிள்ளை சும்மா வளர்வதில்லை. ஒருவர் அதன் முன்னால் நின்று 'ஆடு, கொட்டு, வா' என்று பேசிக்கொண்டே இருக்கிறார்.

நம் கழகங்கள் ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குக் கல்வி முகாம் நடத்துகின்றன. இளம் பெற்றோருக்கு அரை நாள் ஒதுக்கினால் என்ன? குழந்தை பராமரிப்பு மையச் சட்டம் 1984-இல் வந்தது. பதிவுபெற்ற மையத்தில் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒருவர் வேண்டும். முறையான பயிற்சியோடு நம் பெண்கள் நாலு பேர் இத்துறைக்கு வந்தால், அது பிழைப்பும் ஆகும், தொண்டும் ஆகும். பதாகைக்குச் செய்யும் செலவில் ஒரு பகுதி இதற்குப் போகட்டும் என்பது என் கருத்து.

அதுவரை வீட்டிலுள்ளவர்கள்தான். அத்தானுக்கு முதலில் கூச்சம். "பதில் சொல்லாத பிள்ளைகிட்ட என்னத்த பேசுறது?" என்றார். பந்து விளையாட்டுக்கு வர்ணனை சொல்வதுபோல் செய்வதையெல்லாம் சொல்லுங்கள் என்றேன். இப்போது மாலையில் கைப்பேசி அலமாரியில் இருக்கிறது. சட்டை மாட்டுவது, பால் கலக்குவது, வாழைப்பழம் உரிப்பது எல்லாவற்றுக்கும் வர்ணனைதான். அவள் இரண்டு கையையும் கொட்டிக் கேட்கிறாள். அத்தான் 'பளம்' என்றுதான் சொல்கிறார். 'தமிள் வாள்க' என்று மேடையில் முழங்கும் நாம் அவரைத் திருத்துவதற்கில்லை. தாத்தா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "பழம், பழம்" என்று பேத்தியிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.