சூப்பர் மார்க்கெட்டுகளும் கிராமத்து வேலையும்

பெரிய கம்பெனியார் ஊர்தோறும் சூப்பர் மார்க்கெட்டுகள் திறப்பதால் வேலையில்லாத் திண்டாட்டம் நீங்குமென்பது பலருடைய அபிப்பிராயம். இவ்வியாபாரத்தில் அந்நிய முதலை அனுமதிக்க உத்தேசித்த 2011-ஆம் வருஷத்தில், மத்திய வர்த்தக மந்திரி ஆனந்த் சர்மா ஒரு கோடி வேலைகள் உண்டாகுமென்றார். அவை எங்கே உண்டாகும் என்பதையே அலங்காநல்லூர்க் குடியானவர்கள் விசாரிக்க வேண்டும்.

மதுரைக் கடையொன்றில் கல்லாவில் உட்காருவோரும் சாமான் அடுக்குவோரும் சிலரே. அக்கடையால் கூடைக்காரப் பெண்கள் இழக்கும் பிழைப்பையோ எவரும் கணக்கில் எழுதுவதில்லை. மெய்யான வேலை கடைக்கு முன்னதாகவே இருக்கிறது: காய்களைக் கழுவி, ரகம் பிரித்து, எடைபோட்டுக் கட்டி, வண்டியேற்றும் வேலை அது. 2012-இல் அனுமதி வழங்கிய மத்திய சர்க்கார், அந்நிய முதலில் பாதியைக் கிடங்கு, குளிர்சாதனம் முதலியவற்றில் இடும்படி விதித்ததும் இதுபற்றியே. தமிழ்நாட்டு சர்க்கார் அவ்வனுமதியை ஏற்கவில்லை. உள்நாட்டுக் கம்பெனிகளுக்கோ தடையில்லை.

ரகம் பிரிக்கும் கொட்டகை பட்டணத்திலிருந்தால் கூலியும் அங்கேயே தங்கும். கழிவுக்காயும் மாட்டுக்கு உதவாது. ஆகவே சரக்குக் கேட்டு வரும் கம்பெனியிடம், விலை பேசுமுன் கொட்டகை இவ்வூரில் அமைய வேண்டுமென்று மிராசுதார்கள் ஒன்றுகூடிக் கேட்பது உசிதம். தனித்தனியே கேட்டால் நடவாது.

நிற்க, ஒருவரையே நம்பிப் பயிரிடலாகாது. இவ்வூர்க் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையின் அரைவை 2019-இல் நின்றபின் கரும்புக்காரரும் வெட்டாட்களும் பட்ட சிரமம் யாவரும் அறிந்ததே. 1999-இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தைக்குக் கொஞ்சமேனும் சரக்கு அனுப்பி வருகிறவரே கம்பெனியிடம் நிமிர்ந்து விலை பேச முடியும்.