முட்டி வலிக்கு மெஷின் வேணாம், நேரம் வேணும்

தெமோதரையில ரயிலுக்கே நேரா மலையிறங்க முடியல. அதனாலதான் ஸ்டேஷனைச் சுத்தி வளைச்சு, அதே ஸ்டேஷனுக்கு அடியில இருக்கிற சுரங்கத்துக்குள்ளால பாதை போட்டாங்க. அந்தச் சரிவுலதான் கொழுந்துப் பையைத் தலையில மாட்டி முதுகுல தொங்கவிட்டுக்கிட்டு நம்ம அம்மாமார் நேரா இறங்குறாங்க. நாப்பது வயசுல "முட்டி புடிச்சுக்கிச்சு" என்றால், "வயசாச்சுல்ல" என்று சொல்லி ஒரு சித்தாலேப டப்பாவைக் கையில கொடுக்கிறோம்.

வயசு மட்டும்தான் காரணம் என்றால், வலைப்பந்து விளையாடுற பதினாறு வயசுப் பிள்ளைக்கு ஏன் அதே இடத்தில் வலிக்குது?

முழங்கால் சில்லைச் சுற்றி வருகிற இந்த வலி சமதரையில் அவ்வளவாகத் தெரியாது. இறங்கும்போது, குந்தும்போது, பஸ்ஸில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு எழும்பும்போதுதான் பிடிக்கும். இறக்கத்தில் தொடையின் முன்தசைதான் பிரேக். அது இழுக்கிற இழுப்பில் சில்லு தொடை எலும்போடு அழுந்துது. முதுகில் பாரம் இருந்தால் கேட்கவே வேணாம்.

என் சித்தி இதுக்காக ஒரு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். ரெண்டு பஸ், ஒரு நாள் பேர் இல்லை. 2024-இல் 1,350 ரூபாவான நாட்சம்பளத்தில் ஒரு நாள் என்பது சின்ன விஷயமில்லை. அங்கே பத்து நிமிஷம் மெஷின் வைத்தார்கள். கையில் சிங்களத்தில் ஒரு உடற்பயிற்சித் தாள். மூன்றாவது தடவை அவர் போகவில்லை. "மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கட்டுப்படியாகல" என்கிறார்.

கொடுமை என்னவென்றால், பிரயோசனமான வைத்தியம் அந்தத் தாளில்தான் இருந்தது. அமெரிக்க பிசியோதெரபி சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்த வலிக்கு அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் போன்ற மெஷின்கள் வேண்டாம் என்றே சொல்லுது. முட்டிப் பட்டியும் வேண்டாமாம். ஆஸ்திரேலியாவின் ஜெனி மெக்கோனல் எண்பதுகளில் பிரபலமாக்கிய, சில்லை இழுத்து ஒட்டுகிற டேப் முதல் சில வாரங்களுக்கு உதவும், அதுவும் பயிற்சியோடு சேர்த்தால்தான். மிச்சமெல்லாம் இடுப்பையும் தொடையையும் பலப்படுத்துவதுதான்: ஒருக்களித்துப் படுத்து காலைத் தூக்குவது, சுவரில் சாய்ந்து பாதி குந்துவது, இஸ்தோப்புப் படியில் மெதுவாக ஏறி இறங்குவது. லேசா வலித்தால் பரவாயில்லை. வலி கூடினால் எண்ணிக்கையைக் குறைக்கணும். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். (முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டாலோ, விழுந்த பிறகு வலித்தாலோ இதெல்லாம் பார்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்க.)

"வேலை செய்றவளுக்கு எதுக்கு எக்சசைஸ்?" என்று லயத்தில் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா மலையில் ஏறி இறங்குவது தசையைக் களைக்க வைக்குது, கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டி, ஓய்வு கொடுத்துப் பலப்படுத்துவதில்லை. "வேலையைக் குறைங்க" என்று எழுதிக் கொடுக்கிறவர்கள், நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான் என்பதையும் தெரிஞ்சிருக்கணும்.

பேராதனையில் நம்ம கலைப்பீடம் இருக்கிற அதே பல்கலைக்கழகத்திலேயே பிசியோதெரபி படிப்பும் இருக்கு. அவங்களில் தமிழ் தெரிந்தவங்க மாசத்துக்கு ஒருநாள் தோட்ட டிஸ்பென்சரிக்கு வந்து, தாளை வாசித்துக் காட்டாமல் செய்து காட்டினால் போதும். மொழிபெயர்க்க நாங்க வாறோம். காலையில் மலைக்கு ஏறும் முன் அரை மணித்தியாலம் தோட்ட நிர்வாகம் ஒதுக்கணும், அந்த அரை மணித்தியாலத்தையும் பேரில் சேர்க்கணும்.